கால்பந்து கோச் என்ன படிக்கணும்? கேஷுவாலிட்டியிலிருந்து ஒரு பட்டியல்

"கால்பந்து கோச்சுங்க படிக்க நல்ல புத்தகம் சொல்லுங்க டாக்டர். வியூகம், தலைமைப் பண்பு, மோட்டிவேஷன், இந்த மாதிரி"ன்னு ஒரு பி.டி. சார் கேட்டிருந்தார். இதை ஏன்யா டாக்டர்கிட்ட கேட்கிறார்னு கீழே சிலர் சிரிச்சிருக்காங்க. எனக்கு அது சரியான இடத்துல வந்த கேள்வியாத்தான் பட்டது. ஒரு கோச் என்ன படிச்சிருக்கார், என்ன படிக்கலைங்கிறது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்க கேஷுவாலிட்டிக்குத்தான் முதல்ல தெரியவரும்.

பெரிய இழை. பொறுமையா படிங்க. 🧵

முதல்லயே சொல்லிடறேன். மோட்டிவேஷன் புத்தகங்களை நான் கடைசியிலதான் வைப்பேன். நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு வெறி குறைவா இருந்து நான் பார்த்ததே இல்ல. வெறுங்காலோட, மதியம் சாப்பிடாம, கருங்கல் ஜல்லி கிடக்குற கிரவுண்டுல ஆடுற பசங்களுக்கு யாரும் உற்சாக உரை ஆத்த வேண்டியதில்ல. அவங்க உடம்பு உடையாம பார்த்துக்கிற ஆள்தான் வேணும்.

அதனால என் பட்டியல்ல முதல் இடம் ஒரு புத்தகத்துக்குக்கூட இல்ல. அது ஒரு கையேடு. பேரு ஃபிஃபா 11+. இணையத்துல இலவசமா கிடைக்குது. பயிற்சிக்கு முன்னாடி பண்ற 20 நிமிஷ வார்ம்-அப். மெதுவான ஓட்டம் 8 நிமிஷம், பலம், பேலன்ஸ், குதிச்சு இறங்குறது இதெல்லாம் 10 நிமிஷம், வேகமான ஓட்டம் 2 நிமிஷம். மொத்தம் 15 பயிற்சி. பந்தும் கூம்பும் போதும். கூம்பு இல்லைன்னா செருப்பை வரிசையா வைங்க, யாரு கேட்கப்போறா?

இதை நார்வேல 13 முதல் 17 வயசு பொண்ணுங்க ஆடுற கிளப்புகள்ல சோதிச்சாங்க. 1,800 பேருக்கு மேல. ஒரு சீசன் முழுக்க. முடிவு 2008-ல பி.எம்.ஜே. மருத்துவ இதழ்ல வந்தது. இதைப் பண்ணின அணிகள்ல மொத்தக் காயம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறைஞ்சது, கடுமையான காயம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சது. இந்த அளவுக்கு வேலை செய்யிற மாத்திரை ஏதாவது இருந்தா கம்பெனிக்காரங்க தெருத்தெருவா போர்டு வச்சிருப்பாங்க. இதை விற்க ஆள் இல்ல, அதான் யாருக்கும் தெரியல.

நம்ம ஊர்ல வார்ம்-அப் எப்படி நடக்குது? "கிரவுண்டை ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்கடா." முடிஞ்சது. அப்புறம் ஒரு பொண்ணு குதிச்சு இறங்கும்போது முட்டி உள்பக்கமா மடங்கும். 'டக்'னு ஒரு சத்தம், கூட ஆடுறவங்களுக்கே கேட்கும். ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல முட்டி பந்து மாதிரி வீங்கிடும். அந்த வீக்கம் நீர் இல்ல, பெரும்பாலும் ரத்தம். முட்டியோட முன் ஜவ்வு, நாங்க ஏ.சி.எல். னு சொல்றது, கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். இது பசங்களைவிடப் பொண்ணுங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வரும்.

எலும்புன்னாலே புத்தூர் கட்டுக்கு வண்டி கட்டுற ஊர் இது. எல்லை தாண்டினா புத்தூர், பக்கம்தான். அந்தச் சண்டைக்கு நான் இப்போ வரல. ஆனா முழுசா கிழிஞ்ச ஏ.சி.எல். எந்தக் கட்டுக்கும் ஒட்டாது. எங்க மாவுக்கட்டுக்கும்தான். எலும்பு டாக்டர் கையால சோதிச்சுப் பார்க்கணும், தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ. ஆபரேஷன் பண்ணினா திரும்ப மேட்ச் ஆட குறைஞ்சது 9 மாசம். "மண்டலப் போட்டிக்கு மூணு மாசத்துல ரெடி ஆயிடுவாளா டாக்டர்?"னு கேட்காதீங்க.

கட்டுன்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லணும். 2022 நவம்பர்ல சென்னையில ஒரு கல்லூரி கால்பந்து வீராங்கனை முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்கு அப்புறம், இறுக்கமான கட்டால ரத்த ஓட்டம் தடைபட்டு, முதல்ல காலை இழந்து அப்புறம் உயிரையும் இழந்தாங்க. அதுல கோச் மேல தப்பு கிடையாது. எங்க துறையில நடந்தது அது. இங்கே ஏன் சொல்றேன்னா, யார் போட்ட கட்டா இருந்தாலும் சரி, கட்டுக்குள்ள வலி ஏறிக்கிட்டே போனா, விரல் மரத்துப்போனா, நிறம் மாறினா, அது "பொறுத்துக்கோ"ன்னு சொல்ற வலி இல்ல. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் தூக்கிட்டு வாங்க. கட்டைப் பிரிக்கச் சொல்லிச் சண்டை போடுங்க. சண்டை போடுற கோச்சை எனக்குப் பிடிக்கும்.

அடுத்து வெயில். மே மாசம் டி.வி.யில "இன்று அதிக வெப்பம் பதிவான இடங்கள்"னு வரும்போது வேலூரோட நம்ம திருத்தணி பேரும் அடிக்கடி வரும். நமக்கு அதுல ஒரு அல்பப் பெருமை வேற. அதே மே மாசம்தான் நம்ம ஊர்ல சம்மர் கேம்ப். வெயிலையும் காத்துல இருக்கிற ஈரத்தையும் சேர்த்து அளக்கிற ஒரு கணக்கு இருக்கு. அது 32 டிகிரியைத் தாண்டினா மேட்சை நிறுத்தித் தண்ணி குடிக்க இடைவெளி விடணும்னு ஃபிஃபாவே சொல்லுது. சம்பளம் வாங்குற, தனி டாக்டர் வச்சிருக்கிற உலகக் கோப்பை வீரனுக்கே அப்படி. ஏழாங்கிளாஸ் பையனுக்கு?

"லேட்டா வந்தியா, இன்னைக்கு உனக்குத் தண்ணி கிடையாது." இந்தத் தண்டனை இன்னும் நடக்குது. தண்ணியைத் தண்டனையாக்கிற கோச் எத்தனை கப் ஜெயிச்சாலும் எனக்கு அவர் கோச் இல்ல. 2018-ல அமெரிக்காவுல மேரிலாந்து பல்கலைக்கழகத்துல ஜோர்டன் மெக்நேர்னு ஒரு 19 வயசு வீரர் (அவங்க ஊர் ஃபுட்பால், நம்ம ஆட்டம் இல்ல) பயிற்சியில வெப்பத்தாக்குல விழுந்து, ரெண்டு வாரம் கழிச்சு இறந்துட்டார். விழுந்த உடனே ஐஸ் தண்ணியில உடம்பைக் குளிரவைக்கலைங்கிறதுதான் விசாரணையில பெரிய கேள்வியா இருந்தது. தலைமைக் கோச் வேலையை இழந்தார். நீங்க நினைவுல வச்சுக்க வேண்டியது ஒண்ணுதான். வெயில்ல விழுந்த பையன் குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாம உளறினாலோ, முதல்ல குளிர வைங்க, அப்புறம் வண்டி ஏத்துங்க. தொட்டி, டிரம், போர் செட், எது இருக்கோ அதுல. 108 வர்ற வரைக்கும் சும்மா விசிறிக்கிட்டு நிக்காதீங்க.

சரி, புத்தகம் எங்க டாக்டர்னு கேட்கிறது காதுல விழுது. வர்றேன்.

அதுக்கு முன்னாடி 'பிகில்'. (விஜய் ரசிகர்கள் கோச்சுக்காதீங்க, நானும் முதல் நாள்தான் பார்த்தேன்.) அதுல கோச் ஒரு பொண்ணை உடம்பை வச்சுக் கேலி பண்ணி வெறியேத்துவார். பொண்ணு பொங்கி எழுந்து ஆடும். தியேட்டர்ல விசில். அந்தக் காட்சியை நிறைய பேர் கோச்சிங் பாடமா எடுத்துக்கிட்டாங்க. அதுதான் எனக்குப் பிரச்சினை. என் ஓ.பி.க்கு வர்ற விளையாட்டுப் பொண்ணுங்கள்ல "சோம்பேறி", "மூச்சு வாங்குறா", "இன்ட்ரஸ்ட் இல்ல"ன்னு முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின் 8 இருக்கும். தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கும் மேல ரத்தசோகைன்னு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. அந்தப் பிள்ளைக்குக் குறைவா இருக்கிறது மோட்டிவேஷன் இல்ல, இரும்புச் சத்து. ஸ்கூல்ல வாரம் ஒரு நாள் தர்ற நீல மாத்திரையை முழுங்குறாளா, ஜன்னல் வழியா வீசுறாளான்னு பாருங்க. மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகமான்னு கேட்க ஒரு டீச்சரைத் துணைக்கு வச்சுக்கங்க. எந்தத் தலைமைப் பண்பு புத்தகத்துலயும் இது இருக்காது.

இப்போ புத்தகங்கள்.

முதல்ல நோவி கபாடியா எழுதின 'பேர்ஃபுட் டு பூட்ஸ்'. 2017-ல வந்தது. இந்தியக் கால்பந்தோட கதை. எதுக்கு இதை முதல்ல சொல்றேன்னா, ஃபெர்குசன், கார்டியோலான்னு போறதுக்கு முன்னாடி நம்ம ஆளு சையது அப்துல் ரஹீமைத் தெரிஞ்சுக்கணும். 'மைதான்' படம் பார்த்தவங்களுக்குப் பேர் தெரியும். ஹைதராபாத்காரர். பள்ளிக்கூட வாத்தியார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல அவர் அணி யூகோஸ்லாவியாகிட்ட 10-1னு தோத்தது. நம்ம ஆளுங்க பலர் வெறுங்காலோட ஆடினாங்க. அதே ரஹீம், நாலே வருஷத்துல, 1956 மெல்போர்ன்ல அணியை அரையிறுதி வரைக்கும் கொண்டுபோய் நாலாவது இடம் வாங்கிக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவை அவங்க மண்ணுலயே 4-2. நெவில் டிசோசா ஹாட்ரிக்.

நடுவுல என்ன நடந்தது? பூட்ஸ் கட்டாயமாச்சு. 1953-ல வெம்ப்ளியில இங்கிலாந்தை 6-3னு உரிச்ச ஹங்கேரி அணியோட ஆட்டமுறையை ரஹீம் உட்கார்ந்து படிச்சார். ஒரே தொடுதல்ல பந்தைக் கொடுக்கிறது, பலமில்லாத காலால ஆடப் பழக்குறதுன்னு பயிற்சியை மாத்தினார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 54 வரை ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து அஞ்சு தடவை தூக்கினது அவர் கைப்பக்குவத்துலதான். 10-1 வாங்கிட்டு வந்த வாத்தியார் பிள்ளைங்களைத் திட்டிட்டு உட்காரல, தானே மறுபடி மாணவனா ஆனார். இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே அந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் மேட்ச்ல தென்கொரியாகிட்ட 2-0 தோல்வி. கடைசியில இறுதிப்போட்டியில அதே தென்கொரியாவை 2-1னு ஜெயிச்சுத் தங்கம். கோல் அடிச்சது பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும். கோலைக் காத்தது நம்ம பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து வந்த மனுஷன். முந்தைய நாள் ராத்திரி ரஹீம் வீரர்கள்கிட்ட எனக்கு நாளைக்கு ஒரு பரிசு வேணும்னு தங்கத்தைக் கேட்டார்னு சொல்வாங்க. எல்லாரும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க. அந்தப் பேச்சால மட்டும் ஜெயிக்கல. டிஃபென்ஸ்ல ஆடுற ஜர்னைல் சிங்கை சென்டர் ஃபார்வர்டா மாத்தினாரே, அதால ஜெயிச்சாங்க. எந்த ஆளை எங்க நிறுத்தினா எதிராளிக்குக் குழப்பம் வரும்னு யோசிச்ச மூளை அது.

இறுதிப்போட்டி நடந்தது 1962 செப்டம்பர் 4. மறுநாள் செப்டம்பர் 5. நாடு ஆசிரியர் தினம் கொண்டாட ஆரம்பிச்சது அந்த வருஷம்தான், நம்ம திருத்தணியில பிறந்த ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவர் ஆன வருஷம். ஒரு வாத்தியார் தங்கம் வாங்கிக் கொடுத்த மறுநாள்! இந்த ஊர்ல ராதாகிருஷ்ணன் பேரைச் சொல்ற எத்தனை மேடையில ரஹீம் பேர் வந்திருக்கும்? அப்பவே அவருக்கு நுரையீரல் புற்றுநோய். 1963 ஜூன்ல இறந்துட்டார். 53 வயசு.

ஆனா டாக்டரா எனக்கு இந்தக் கதையில ஒரு முள் இருக்கு. ஜர்னைல் சிங் ஏன் ஃபார்வர்டா போனார்? தாய்லாந்து மேட்ச்ல தலையில அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அந்தத் தலையோட வந்து அரையிறுதியிலயும் இறுதியிலயும் கோல் அடிச்சார். வீரம்தான், கைதட்டுவோம். அந்தக் காலத்து அறிவு, அந்தக் காலத்து விதி. ஆனா இன்னைக்கு ஒரு கோச் அதைப் படிச்சுட்டு "ஜர்னைல் சிங் தையலோட ஆடினார், நீ எந்திரிடா"ன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தலையில அடிபட்டு ஒரு நொடி மயங்கினாலும், ஸ்கோர் என்னன்னு மறந்தாலும், வாந்தி வந்தாலும், அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. சந்தேகமா இருந்தாலும் முடிஞ்சது. மூளை அதிர்ச்சிக்குன்னே தனியா ஒரு மாற்று வீரரை இறக்க 2024 ஜூலை முதல் கால்பந்து விதிப் புத்தகமே இடம் கொடுக்குது, போட்டி நடத்துறவங்க ஏத்துக்கிட்டா போதும். மாவட்டப் போட்டி நடத்துறவங்க அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க. பட்டியல்ல இதையும் சேர்த்துக்கங்க, கால்பந்து விதிப் புத்தகம். கோச்சுங்கள்ல முழுசா படிச்சவங்க ரொம்பக் கம்மி.

வியூகத்துக்கு ஜொனாதன் வில்சன் எழுதின 'இன்வர்ட்டிங் தி பிரமிட்'. 2008. ரெண்டு டிஃபென்டர் அஞ்சு ஃபார்வர்டுன்னு ஆடின காலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஆட்டமுறை எப்படி மாறிச்சுன்னு சொல்லும். கொஞ்சம் தடிமன், கொஞ்சம் இழுவை. எல்லா அத்தியாயமும் வேண்டாம், ஹங்கேரியும் ஹாலந்தும் படிங்க.

இங்கிலீஷ் வேண்டாம்னா வள்ளுவர் இருக்கார், விளையாட்டுக்குச் சொல்லல. பொருட்பால்ல வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துவினையாடல், நாலு அதிகாரம், நாப்பது குறள், ஒரு மணி நேரம். உன் பலம், எதிராளி பலம், எந்த நேரம், எந்த இடம், யாரை எந்த வேலைக்கு விடுறது. பத்தாங்கிளாஸ் மனப்பாடப் பகுதியா நினைக்காம, நாளைக்கு மேட்ச் இருக்குன்னு நினைச்சு படிங்க. வேற புத்தகமா தெரியும்.

தலைமைப் பண்புக்கு அலெக்ஸ் ஃபெர்குசனோட 'லீடிங்' (2015). பெரிய ஆளுங்க எழுதுறதுல பாதி சுயபுராணம், அதைத் தள்ளிட்டுப் படிங்க. ரெண்டு விஷயம் எடுத்துக்கங்க. ஒண்ணு, ஒரு கட்டத்துல அவர் பயிற்சியைத் தானே நடத்துறதை விட்டுட்டு, ஓரமா நின்னு கவனிக்க ஆரம்பிச்சார். யார் நடை மாறியிருக்கு, யார் முகம் வாடியிருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சதுன்னு சொல்றார். எங்க ரவுண்ட்ஸ் மாதிரிதான். ரெண்டாவது பாடம் ஹெட்மாஸ்டர்களுக்கும் பெற்றோருக்கும். அவர் மான்செஸ்டர் யுனைடெட் வந்தது 1986. முதல் லீக் பட்டம் 1993. நம்ம ஊர்னா ரெண்டாவது வருஷமே அவரை பி.டி. பீரியடுல கணக்கு எடுக்க அனுப்பியிருப்போம்.

மோட்டிவேஷனுக்கு ஜான் வுடன். கூடைப்பந்து கோச், யு.சி.எல்.ஏ. அணிக்கு 12 வருஷத்துல 10 தேசியப் பட்டம். 'வுடன் ஆன் லீடர்ஷிப்' படிங்க. புது சீசன் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? சாக்ஸ் எப்படிச் சுருக்கமில்லாம போடுறது. சுருக்கம் இருந்தா கொப்புளம், கொப்புளம் வந்தா ஆட்டம் போச்சு. அதைவிட எனக்குப் பிடிச்சது இது. 1970-கள்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அவர் பயிற்சியில உட்கார்ந்து, அவர் வாயைத் திறந்து சொன்ன ஒவ்வொண்ணையும் எண்ணினாங்க. 2,326 குறிப்பு. பாராட்டு நூத்துக்கு ஏழு. அதிருப்தியும் நூத்துக்கு ஏழு. முக்கால்வாசி வெறும் தகவல். காலை இப்படி வை, பந்தை அங்க கொடு, மறுபடி செய். உற்சாக உரையே கிடையாது. உங்க பயிற்சியை ஒரு நாள் போன்ல ரெக்கார்ட் பண்ணி நீங்களே எண்ணிப் பாருங்க. எத்தனை "டேய்" வருதுன்னும் எண்ணுங்க.

கடைசியா எங்க ஆளு புத்தகம் ஒண்ணு. அறுவை சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே எழுதின 'தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ' (2009). ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு சின்னப் பட்டியலைச் சத்தமா படிச்சு சரிபார்த்தாங்க. டெல்லி உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரியில. இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆ குறைஞ்சது. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா அவசரத்துல மறக்கிற விஷயம்.

மைதானத்துலயும் அதே. 2004 டிசம்பர்ல பெங்களூர்ல ஃபெடரேஷன் கோப்பை ஃபைனல். டெம்போ அணியோட பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கோல் அடிச்ச அதே நொடியில கோல்கீப்பரோட மோதி விழுந்தார். எழுந்திருக்கவே இல்ல. மைதானத்துல மருத்துவ ஏற்பாடு போதுமா இருந்ததான்னு நாடே கேட்டது. 2021 ஜூன்ல கோபன்ஹேகன்ல டென்மார்க்கோட எரிக்சன் இதயம் நின்னு விழுந்தார். கேப்டன் சைமன் கேயர் ஓடிவந்து அவரைச் சரியா படுக்கவச்சார், மத்தவங்க சுத்தி நின்னு மறைச்சாங்க, டாக்டர்கள் நெஞ்சை அழுத்தினாங்க, ஷாக் கொடுத்தாங்க. அடுத்த வருஷமே எரிக்சன் திரும்ப ஆடினார். தலைமைப் பண்புன்னா எனக்கு அந்தச் சில நிமிஷம்தான் ஞாபகம் வரும்.

இங்கிலீஷ் புத்தகம் எல்லாம் எங்களுக்கு எட்டாது டாக்டர்னு சொல்றவங்களுக்கு: நியாயம்தான். விலையும் கூட. நாலு ஸ்கூல் பி.டி. சார்ங்க சேர்ந்து ஆளுக்கு ஒண்ணு வாங்கி, படிச்சதை மத்தவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க. நாங்க மெடிக்கல் காலேஜ்ல பாதிப் பாடம் அப்படித்தான் படிச்சோம்.

செக்லிஸ்ட் மட்டும் இப்பவே எழுதிக்கங்க. தண்ணி டிரம் இருக்கா. ஐஸ் இருக்கா. கிரவுண்ட் கேட் சாவி யார்கிட்ட, 108 வண்டி எந்த வழியா உள்ளே வரும். நெஞ்சு அழுத்தத் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது இருக்காரா. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா அம்மா போன் நம்பர். ஆஸ்துமா, வலிப்பு, இதயப் பிரச்சினை யாருக்கு. நெஞ்சு அழுத்தப் பழகணும்னா ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் சொல்லுங்க, கிரவுண்டுக்கே வந்து சொல்லித் தர்றேன், பொம்மை இல்லாட்டி தலையணை போதும். டூட்டி இல்லாத ஞாயிறா பார்த்துச் சொல்லுங்க.